தண்ணீர் குடிக்கும் கிடங்கு

அப்பா நாட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. அன்று எங்கள் பழைய தெருவுக்குக் காலைத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி அப்பாவை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போயிருந்தது.

லாரியை ஓட்டியது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சொல்லிவைத்த வாடகைக் கார் வரவில்லை. பெட்டியோடு வாசலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஒன்பதாயிரம் லிட்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

"ஏறுண்ணா. பெட்டி நனைஞ்சா காய வெச்சுக்கலாம். ஃப்ளைட்டை விட்டா உன்னைத்தான் காயப் போடுவாங்க."

"இது அரசாங்க வண்டி. சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது."

"நாட்டை விட்டே ஓடற. இதுல சட்டம் வேற பேசற."

"மெதுவாப் பேசு!"

"இந்த இஞ்சின் சத்தத்துல எமனுக்கே காது கேக்காது. ஏறு."

அப்பா குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தர். ஆறு வாரப் பயிற்சி என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். திரும்பி வரமாட்டார் என்பது அத்தைக்கு மட்டும் தெரியும். என் படிப்பைக் காரணம் காட்டி அம்மாவும் நானும் இரண்டு மாதம் முன்பே வெளியேறியிருந்தோம். விமான நிலைய வாசலில் லாரியை உள்ளே விடவில்லை. அப்பா அங்கேயே இறங்கி நடந்தார். போகும்போது தங்கையிடம் சொன்ன கடைசி வார்த்தை, "இடது பக்க இண்டிகேட்டர் எரியல, பாத்துக்கோ" என்பது. அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்காமல் அத்தையால் இன்றுவரை இருக்க முடியவில்லை.

அன்று இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு விஷயத்தை மறைத்தார்கள். அப்பாவின் வலது ஷூவுக்குள், அட்டைக்கு அடியில், குடிநீர் வாரியப் பதிவேடுகளின் படங்கள் அடங்கிய விரல்நகம் அளவுத் தகடு ஒன்று இருந்தது. அத்தை மறைத்தது கிடங்கைப் பற்றி. அதைச் சொல்ல மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். அத்தை அவரை வாத்தியார் என்றுதான் சொல்வாள், கோபம் வந்தாலும் வாத்தியார்தான். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் கனரக வண்டி ஓட்டும் உரிமம் இருந்தது. வீட்டில் வாத்தியார் சமைப்பார், அத்தை டயர் மாற்றுவாள். தெருவில் கேலி செய்தவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் அவள்தானே.

அந்தக் காலத்தில் நாட்டை ஆண்டவரின் படம் இல்லாத சுவரே கிடையாது. பேப்பரில் அவர் 'தேசத்தின் மூத்தவர்'. அத்தை வாயில் 'போஸ்டர்'. அவருக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது: நம் பெரிய ஆறு நம் மண்ணிலேயே பிறப்பதாகப் புத்தகங்களில் இருக்க வேண்டும். புத்தகங்கள் மாறின. மாமா வகுப்பில் பழையபடி பக்கத்து நாட்டு மலையைக் காட்டினார். ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் போலீஸ்காரர். மறுநாள் இரண்டாவது பீரியடில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாக்பீஸ் கையோடு போனார்.

அத்தை ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "அப்படி ஒரு ஆள் எங்ககிட்ட இல்லையே" என்றே எல்லா இடத்திலும் பதில். ஒரு வருஷம் போன பிறகு, லாரி நிரப்பும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சுருட்டு என்று எல்லாரும் கூப்பிடும் இன்னொரு டிரைவர் அலுத்துக்கொண்டார்.

"வடக்கு ரோட்டுல பதினாலாவது கிலோமீட்டர்ல அந்தத் தானியக் கிடங்கு இருக்கே, அது குடிக்கிற குடி இருக்கே... தினம் ரெண்டு லோடு. எனக்கு முதுகு போச்சு."

அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"தானியக் கிடங்குக்குத் தண்ணி எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? மூட்டைக்கு விக்கல் எடுக்குமோ என்னமோ."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். பதினெட்டாயிரம் லிட்டர், ஆளுக்கு ஐம்பது என்றாலும் முந்நூறுக்கு மேல். அன்று சாயங்காலமே சுருட்டிடம் தடம் மாற்றிக்கொண்டாள். தன்னுடைய நல்ல தார் ரோட்டு ஆஸ்பத்திரித் தடத்தைக் கொடுத்துவிட்டு, குண்டும் குழியுமான வடக்கு ரோட்டை வாங்கிக்கொண்டாள். சுருட்டு அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தார்.

கிடங்கு உயரமான மதிலுக்குள் இருந்தது. அவளை முதல் வாசலுக்கு மேல் விடமாட்டார்கள். மதிலில் ஒரு துவாரம், அதில் குழாயைச் செருகி வால்வைத் திறந்தால் உள்ளே தொட்டியில் விழும். நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷமும் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு நாளும் ஒரு குரல் கேட்டதில்லை. ஒருமுறை யாரோ தும்மியது கேட்டது. அது யாருடைய தும்மல் என்று யோசித்து அன்று முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினாளாம்.

காவலர்களின் தலைவருக்குச் சாவிக்கொத்து என்று அவள் பெயர் வைத்துக்கொண்டாள். இடுப்பில் சாவி வளையம் எப்போதும் கிலுகிலுவென்று ஆடும். டிரிப் சீட்டைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர்தான். எப்போதும் பல்வலி, எப்போதும் ஒரு கையில் கன்னம்.

முதல் வாரமே ஒரு சிக்கல். நிரப்பும் இடத்தில் காலை நாலரைக்கே நாற்பது லாரி வரிசையில் நிற்கும். அத்தை கிடங்குக்குப் போய்ச் சேர மத்தியானம் இரண்டாகிவிட்டது.

"இப்ப வர்றியே. நேத்து ராத்திரியிலேர்ந்து உள்ள சொட்டுத் தண்ணி இல்ல" என்றார் சாவிக்கொத்து. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நிரப்பும் இடத்தில் ஒரு விதி உண்டு. ராணுவத்துக்குப் போகும் லோடு வரிசையில் நிற்க வேண்டாம். மறுநாள் அத்தை சீட்டில் 'தானியக் கிடங்கு' என்பதற்குப் பதில் 'ராணுவக் கிடங்கு' என்று எழுதி நீட்டினாள். அங்கே குழாய் திறந்துவிடும் வால்வுக்காரர் அதைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"தளபதி அம்மாவுக்கு வழி விடுங்கப்பா!"

அன்றிலிருந்து தினமும் அந்தச் சல்யூட். ஏழரைக்கெல்லாம் கிடங்குக்குத் தண்ணீர் போய்விடும். அந்தச் சீட்டுகள் எல்லாம் மாலையில் குடிநீர் வாரிய ஆபீஸுக்குப் போகும். அங்கே என் அப்பா, நகரத்தைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவற்றை ஒன்று விடாமல் அழகான கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றுவார். வடக்கு ரோடு, ராணுவக் கிடங்கு, இரண்டு லோடு. அத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விதி எண் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிப்பார் என்று அவளுக்குத் தெரியும். மாமா அங்கே இருக்கலாம் என்பதையும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம்.

அப்படி மூன்று வருஷம் போனபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

வெளிநாட்டில் எங்களுக்கு நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. போஸ்டரை விரட்ட வேண்டும் என்று எங்களைப் போல் வந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். பெரிய நாடுகள் மூன்று, படையை அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தன் எல்லாரையும் போட்டு அடிக்கறான். பக்கத்து வீட்டுக்காரன் கதவை உடைச்சுட்டு உள்ள போகக் கூடாதா?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா துணி மடித்துக்கொண்டே, "போகலாம். எந்தக் கதவுன்னு அவனுக்குத் தெரியணும்" என்பாள்.

எந்தக் கதவு என்று காட்டத்தான் அப்பா பதிவேட்டுப் படங்களைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே ஆள் இருக்கிறார்கள். ராணுவம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய கையெழுத்தில் இருந்தது. அந்த நாட்டு அதிகாரிகள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கள் தங்கும் அனுமதி ஒரே மாதத்தில் வந்தது.

அப்பா வந்து ஒரு வருஷம் ஆனபோது, படை கிளம்பப் போகிறது என்று உறுதியான வாரம், ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருந்த நான் இரண்டு பயணங்களுக்கு நடுவே வீட்டில் இருந்தேன். அப்பா அத்தைக்குப் போன் போட்டார். எங்கள் போன்களில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பார். சமயத்தில் அவர் இருமுவதுகூடக் கேட்கும். "கொஞ்சம் வெந்நீர் குடிங்க சார்" என்று அத்தை அவரிடமே சொல்லியிருக்கிறாள். அதனால் எல்லாமே கல்யாணப் பேச்சாக நடக்கும்.

"மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிட்டாங்கம்மா" என்றார் அப்பா.

"வரட்டும்! எத்தனை வருஷம்தான் ஜாதகமே பாத்துட்டிருப்பாங்க? நான் வண்டியெல்லாம் கழுவி வெச்சிருக்கேன்."

"எந்தெந்த வீட்டுக்கு வருவாங்கன்னு லிஸ்ட் தயாராயிருக்கு. நீ தினம் ரெண்டு தடவை போவியே, வடக்குப் பக்கம், அந்த வீடும் இருக்கு. இந்த வாரம் அங்க போகாதே."

அத்தை சிரிப்பை நிறுத்தினாள்.

"அந்த வீடு எப்படி லிஸ்ட்டுக்கு வந்துச்சு?"

"நான் எழுதின நோட்டுல இருக்கே. பெரிய பெரிய ஆளுங்க தங்கற இடமாச்சே அது."

மூன்றாவது ஆள் இருமினார். அத்தையின் குரல் இப்போது வேறாக இருந்தது.

"அண்ணா, அங்க இருக்கறது நம்ம ஆளுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க. முந்நூறு பேருக்கு மேல."

"நோட்டுல அப்படி இல்லையேம்மா."

"நோட்டுக்குக் குடுத்தது யாரு? நான்தானே. வரிசையில நிக்க முடியலன்னு நான்தான் பேரை மாத்தி எழுதினேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியாரும் அங்கதான் இருக்காருன்னு நெனைக்கறேன்ணா" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அப்பாவோடு நானும், பதிவேட்டுப் படங்களை வாங்கிக்கொண்ட அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவுக்கு அந்த மொழி அரைகுறை, நான் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். மேலிருந்து எடுத்த படம் ஒன்றை மேஜையில் விரித்தார். ஒரு கூரை, ஒரு மதில், மதிலை ஒட்டி வெள்ளையாக ஒரு சின்ன உருளை.

"எரிபொருள் வண்டி" என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். "தினமும் இரண்டு முறை வருகிறது. உங்கள் பதிவேட்டோடு சரியாகப் பொருந்துகிறது."

அப்பா அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என் தங்கச்சி" என்றார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அப்படியே சொன்னேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படியானால் நீங்கள் கொடுத்த பதிவேடு தவறா?"

"இந்த ஒண்ணு தப்பு."

"ஒன்று தவறு என்றால் மற்றவையும் தவறாக இருக்கலாம் அல்லவா?"

அந்தக் கேள்வியின் எடை அப்பாவுக்குப் புரிந்தது. எங்கள் வீடு, அனுமதி, அவரைப் பார்த்து எழுந்து நிற்கும் ஆட்கள், எல்லாமே அந்தப் பதிவேட்டின் மேல் நின்றன. முப்பது வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவர் அவர். டீயை ஒரு மிடறு குடித்தார்.

"இருக்கலாம்" என்றார். "நான் ஒரு எடத்தையும் நேர்ல பாத்ததில்ல."

திருத்த விண்ணப்பம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒன்பது பக்கம். நிரப்பிக் கொடுத்தோம். மதிப்பாய்வுக் குழு கூடும்போது எடுத்துக்கொள்வார்கள் என்றார் அதிகாரி. குழு எப்போது கூடும் என்று கேட்டேன். தேவைப்படும்போது என்றார். அப்பா தினமும் போய் அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் அவரை உள்ளே விடவில்லை.

அங்கே அத்தை படிவத்தையெல்லாம் நம்பிக் காத்திருக்கவில்லை. போன் வைத்த மறுநாளே, குழாயைச் செருகிவிட்டு, நேராகச் சாவிக்கொத்திடம் போய் நின்றாள். பின்னாளில் இதை அவள் எனக்குச் சொன்னது அதே லாரியின் முன் இருக்கையில் வைத்து, ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் கடலைப் பொட்டலம்.

"உன் கட்டடம் லிஸ்ட்ல இருக்கு. வானத்துலேர்ந்து போடப் போறாங்க" என்றிருக்கிறாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"உன்னை இப்பவே பிடிச்சு உள்ள தள்ள முடியும், தெரியுமா?"

"தள்ளு. நாளைக்குத் தண்ணிக்கு உன் மாமியாரைக் கூப்பிட்டுக்கோ."

சாவிக்கொத்து கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "இது கிடங்கு. இதை எவன் போடுவான்?"

அத்தை அன்றைய சீட்டை அவர் மூக்கருகே நீட்டினாள். "படி. இத்தனை வருஷமாக் கையெழுத்துப் போட்டியே, ஒரு நாளாவது படிச்சியா? ராணுவக் கிடங்கு. நான் எழுதினேன், நீ கையெழுத்துப் போட்ட. ரெண்டாயிரம் சீட்டுக்கு மேல. எல்லாம் இப்ப அவங்க கையில."

அவர் படித்தார். அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி. என்னையும் சேத்துல்ல எழுதிட்ட."

"ஆமா. அதான் சொல்ல வந்தேன்."

கதவைத் திறந்துவிடு என்று கேட்டாள். அவர் முடியாது என்றார். போஸ்டர் பிழைத்துக்கொண்டால் தன்னைத் தொங்கவிட்டுவிடுவான் என்றார். "நெசமாவே வர்றாங்களா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். ஆனால் அவளைப் பிடித்துக் கொடுக்கவில்லை. உள்ளே வாத்தியார் இருக்கிறாரா என்று அத்தை கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால், மறுநாளும் அதே வேகத்தில் வண்டி ஓட்ட முடியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்ததாம்.

ஒன்பதாம் நாள் வந்தார்கள். காலை ஏழு மணி. அத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பிக் கால் மணி ஆகியிருந்தது. முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, சத்தம் அப்புறம்தான். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். நிரப்பும் இடத்துக்கு அடுத்த மதில் படை முகாம். அந்தத் திசையில் புகை எழுந்து நின்றது.

"தீ எரியுதுடி அங்க. என் முதுகுக்குப் பின்னால ஒம்பதாயிரம் லிட்டர் தண்ணி" என்றாள் என்னிடம். கடலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். "திரும்பியிருக்கலாம். நான் முன்னாடிதான் போனேன்."

முகாமில் விழ வேண்டியது சிலது முகாமில் விழுந்தது. சிலது வரிசையில் விழுந்தது. வால்வுக்காரரும் ஆறு டிரைவர்களும் போய்விட்டார்கள். சுருட்டு அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் தப்பித்தார்.

கிடங்கின் வாசல் திறந்து கிடந்தது. பதினோரு காவலர்கள் ஓடிப்போயிருந்தார்கள். சாவிக்கொத்து மட்டும் முற்றத்தின் நடுவில், ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றித் தரையில் போட்டார்.

"நான் குடுக்கல. கீழ விழுந்துச்சு. நீயா எடுத்துக்கிட்ட. யார் கேட்டாலும் அதான்."

சொல்லிவிட்டு ஓடினார். கடைசிவரை பல்வலி மட்டும் அவரை விட்டு ஓடவில்லை என்பாள் அத்தை.

பன்னிரண்டு கதவுகள். எல்லாவற்றையும் திறந்தாள். ஒருவர்கூட வெளியே வரவில்லை. முன்பு ஒருமுறை காவலர்கள் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்து, வந்தவர்களை அடித்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாது. இருட்டுக்குள் நூற்றுக்கணக்கான கண்கள் அசையாமல் பார்த்தன. அத்தை கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. பிறகு தனக்கு இயல்பாக வருவதைச் செய்தாள்.

"ஏய்யா, காதுல என்ன ஈயமா ஊத்தி வெச்சிருக்கு? தலையில குண்டு விழப் போகுது, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க! கை புடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன உங்க மாமன் மகளா? வெளிய வாங்கய்யா!"

ஒன்பதாவது கதவுக்குள்ளிருந்து ஒரு கம்மிய குரல் வந்தது.

"பயப்படாம வாங்க எல்லாரும். அது என் பொண்டாட்டி. அவ இப்படித்தான் கத்துவா."

இந்த இடத்தில் அத்தை லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். அவளுக்கு வாத்தியாரை அடையாளம் தெரியவில்லை. தாடியும் எலும்புமாக இருந்தவர்களில் ஒருவர் அவள் முன்னால் வந்து நின்று, சும்மா நின்றுகொண்டே இருந்தார். நடக்க முடியாதவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களை ஏற்றுவதற்கு முன் அத்தை வால்வைத் திறந்து தொட்டி முழுவதையும் முற்றத்தில் ஓட விட்டாள். நிறைந்த தொட்டியோடு இத்தனை பேர் பாரத்தை வண்டி தாங்காது. பாதித் தண்ணீரோடு ஓட்டினால், பிரேக் போடும்போது உள்ளே அலை அடித்து வண்டியைக் கவிழ்த்துவிடும். ஓடிய தண்ணீரில் ஆட்கள் முகம் கழுவினார்கள், சிலர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் வறண்ட கால்வாய் வழியாகப் போனார்கள். மற்றவர்கள் லாரியின் மேலே, பக்கத்தில், முன் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக. எல்லாரையும் ஒரு மூடிய பள்ளிக்கூடத்தில் இறக்கினாள்.

மறுநாள் மத்தியானம் கிடங்கின் மேல் குண்டு விழுந்தது. ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. உள்ளே யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் போஸ்டர் ஓடிப்போனார். ஆறு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனேன். பயணத்தில் என் காலுக்கு எந்த ஊரும் ஒட்டியதில்லை, அங்கே மட்டும் ஐந்து வாரம் இருந்தேன். மாமாவுக்குச் சதை பிடித்திருந்தது. கதவைச் சாத்தினால் தூக்கம் வராது, அதனால் திறந்தே வைத்துத் தூங்கினார். சமையல் மறுபடி அவர் கையில். ஒரு நாள் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"உள்ள குடுத்த தண்ணியில ஒரே துரு வாடை. அஞ்சு வருஷமும். சொல்லணும்னு நெனைச்சேன்."

அத்தை தட்டை நகர்த்தினாள். "துரு வாடையா? முதுகெலும்பு உடைய நான் சுமந்துட்டு வந்த தண்ணி! துரு வாடையாம். பன்னீர் கலந்து தர மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க வாத்தியாரே."

"தொட்டியைக் கழுவலாமேன்னுதான் சொல்றேன்."

"கழுவறேன். நாளைக்கே கழுவறேன். நீங்களும் உள்ள எறங்கித் தேய்ங்க."

மறுநாள் இருவரும் உண்மையாகவே தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார்கள். உள்ளிருந்து சண்டை எதிரொலித்துக்கொண்டே இருந்தது. தெருவே கேட்டுச் சிரித்தது. அத்தை இப்படிச் சண்டை போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது ராணுவத்துக்கு முன்னுரிமை இல்லை, எல்லாரும் வரிசைதான். அத்தை முணுமுணுத்துக்கொண்டே நிற்கிறாள். அன்றன்றைய முதல் லோடில் நாலு குடம் வால்வுக்காரரின் மனைவி வீட்டுக்குப் போகும். அந்த அம்மா குடத்தை வாங்கிக்கொள்வார். அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் வந்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். பெரிய நாடுகள் படையோடு வந்தது சரியா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் வேண்டும் என்றார்.

அத்தை கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அவங்க வரலைன்னா என் வீட்டுக்காரர் இன்னும் உள்ளதான் இருப்பாரு. அவங்க லிஸ்ட்படியே நடந்திருந்தா செத்திருப்பாரு. அடுத்த தெருவுல வால்வுக்காரர் சம்சாரம் இருக்காங்க. முதல்ல அவங்களைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் நான் ஒரு வரி சொல்றேன்."

செய்தியாளர் நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அத்தை சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே ஒரு வரி யோசித்து வைத்திருந்தாளாம். அதை எனக்கும் சொல்லவில்லை.

அண்ணனும் தங்கையும் இப்போது போனில் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். நடுவில் இருமுவதற்கு ஆள் இல்லை.

"வந்தது தப்புன்னு சொல்றியா?" என்பார் அப்பா.

"நான் வண்டி கழுவி வெச்சுக் காத்திருந்தவண்ணா. தப்புன்னு எந்த வாயால சொல்ல? நான் எழுதின ஒரு சீட்டை நம்பி வந்துட்டாங்களேன்னுதான் சொல்றேன். ஒரு ஆள் வந்து எட்டிப் பாக்க வேண்டாமா?"

"எப்படி எட்டிப் பாக்க முடியும்?"

"அப்ப எப்படிக் குண்டு போட முடியுது?"

அப்பா உடனே மாமாவைக் கூப்பிடச் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்பார்.

சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, எங்கள் நாலாவது மாடி வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும் காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"ஐயா, வடக்குச் சாலைக் கிடங்கு குறித்த தங்கள் திருத்த விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது. அது மதிப்பாய்வுக் குழுவின் பரிசீலனையில் உள்ளது. அக்கட்டடத்தில் பொதுமக்கள் இருப்பதாகத் தாங்கள் கூறுவதற்கு ஆதாரம் ஏதேனும் இருப்பின், இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும்."